காற்றே இல்லாத நாளில் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. கேரளக் கரையில் புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் அன்று பல மீனவ ஊர்களில் கடல் கரையைத் தாண்டி வீட்டு வாசல் வரை வந்தது. படகுகள் ஒன்றோடொன்று மோதின, தெருவில் மணல் குவிந்தது. மறுநாள் பத்திரிகைகளில் வழக்கமான சொல்தான்: ‘கடல் சீற்றம்’.

நம் ஊடகங்களுக்கு இது ரொம்பப் பிடித்த சொல். புயலில் எழும் அலை, அமாவாசைக்கு ஏறும் தண்ணீர், குளிக்கப் போனவரை இழுத்துச் செல்லும் ஓட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். உண்மையில் அலை, ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது), நீரோட்டம் என்ற இந்த மூன்றும் ஒரே தண்ணீரில் நடக்கும் மூன்று தனி வேலைகள். அலையைக் கிளப்புவது காற்று. ஓதத்தை ஏற்றி இறக்குவது நிலவும் சூரியனும். நீரோட்டத்துக்குப் பின்னால் காற்று, பூமியின் சுழற்சி, தண்ணீரின் உப்பு, வெப்பம் எனப் பல கைகள். எந்தக் கை எப்போது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த ஈஸ்டர் ஞாயிறு புரியவே புரியாது.

கடலோர மக்கள் அதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். முன்னறிவிப்பு எதுவும் காட்டாமல் திருடனைப் போல வரும் கடலுக்குக் கேரளத்திலும் குமரிக் கரையிலும் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் இதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், தன் எச்சரிக்கைகளில் பயன்படுத்துவதும் மீனவர் வாயிலிருந்து வந்த இந்தச் சொல்லைத்தான்.

சரி, முதலில் அலை. ஒரு முறை திருவான்மியூர் கரையில் உட்கார்ந்து, அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்த ஒரு காலித் தண்ணீர் பாட்டிலையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வரும்போது பாட்டில் மேலே ஏறும், கொஞ்சம் கரைப்பக்கம் நகரும், அலை கடந்ததும் இறங்கிப் பின்வாங்கும். எத்தனையோ அலைகள் அதைத் தாண்டிக் கரைக்கு வந்து உடைந்துவிட்டன. பாட்டில் மட்டும் ஏறக்குறைய போட்ட இடத்திலேயே கிடந்தது. அலையோடு ஓடி வருவது தண்ணீர் இல்லை, ஆற்றல். தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மேடு மறுமுனைக்கு ஓடுகிறதே, கயிறா ஓடுகிறது? அதே கதைதான். மேலே பெரிதாக இருக்கும் இந்த வட்டம் கீழே போகப் போகச் சிறுத்துவிடும். இரண்டு அலை முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி ஆழத்துக்குப் போனால், மேலே அலை இருப்பதே அங்கே தெரியாது.

அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் வீசுகிறது, தடையில்லாமல் ஓட எவ்வளவு கடல்வெளி கிடைக்கிறது. குளத்தில் எத்தனை பலமாகக் காற்றடித்தாலும் பேரலை வராததற்குக் காரணம் அந்த மூன்றாவதுதான். மூன்றும் தாராளமாகக் கிடைக்கும் இடம் உலகத்தில் ஒன்று உண்டு. அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென் பெருங்கடல். அங்கே குறுக்கே வரப் பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லை, காற்று உலகையே சுற்றி வரலாம். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு புயல் அங்கே உருண்டுகொண்டுதான் இருக்கும்.

ஈஸ்டர் அன்று கேரளத்துக்கு வந்தது அங்கே பிறந்த அலைதான். மார்ச் 26 அன்று தென் அட்லாண்டிக்கிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு தென் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. நம் கரையிலிருந்து அது சுமார் 10,000 கிலோமீட்டர் தூரம். 28-ஆம் தேதி வாக்கில் அது வலுத்து, 11 மீட்டர் வரை அலைகளை எழுப்பியது. அலைகள் வடக்கே கிளம்பின. அந்தத் தாழ்வு இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது அனுப்பிவைத்த ஆற்றல் மட்டும் வந்து சேர்ந்தது.

இவ்வளவு தூரம் வந்தும் அலை ஏன் தேய்ந்துபோகவில்லை? தேய்வது குட்டி அலைகள்தான். நீள அலைகள் ஆழ்கடலில் ஆற்றலை அவ்வளவாக இழப்பதில்லை, வேகமாகவும் ஓடுகின்றன. 20 விநாடிக்கு ஒன்று என வரும் அலையில் முகட்டுக்கு முகடு இடைவெளி 600 மீட்டருக்கு மேல். அந்த அலைக்கூட்டத்தின் ஆற்றல் மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 12 விநாடி அலைக்கூட்டத்தின் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். உதாரணமாக, 6,000 கிலோமீட்டரைக் கடக்க முதலாவதற்கு நாலரை நாள், இரண்டாவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல். ஓட்டப்பந்தயத்தில் வேகமானவர் முன்னே பிரிந்து போவதுபோல, புயலிலிருந்து கலந்துகட்டிக் கிளம்பிய அலைகள் வழியிலேயே தரம் பிரிந்துவிடுகின்றன. அதனால் முதலில் கரை தொடுவது மிக நீளமான அலை. அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க், கலிபோர்னியாவுக்கு அருகே அலைகளின் இந்த வரிசையை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவற்றில் சில இந்தியப் பெருங்கடலிலிருந்தே கிளம்பி வந்தவை என்று 1950-களில் காட்டினார். பிறகு 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை நிலையங்கள் அமைத்து, ஒரே அலைக்கூட்டம் பசிபிக்கைக் குறுக்கே கடப்பதைப் பின்தொடர்ந்தார்.

நாமும் கரையில் நின்று கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஆறு, ஏழு, எட்டு விநாடிக்கு ஒரு அலை வந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பியது. பதினைந்துக்கு மேல் போனால் அது வெகு தூரத்து விருந்தாளி. கடல் அமைதியாகத் தெரியும், இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு வாக்கியம் பேசி முடித்துவிடலாம். ஏமாற்றுவது அந்த அமைதிதான்.

கரைக்கு அருகே வந்ததும் விஷயம் மாறுகிறது. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்தைத் தொட்டதும் அதன் கால் தரையில் உரசத் தொடங்கும். 8 விநாடி அலை அதை உணர்வது 50 மீட்டர் ஆழத்தில். 20 விநாடி அலையோ 300 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்துவிடும். முன்னால் போகும் அலை வேகம் குறைய, பின்னால் வருவது நெருங்க, நீளம் சுருங்கி உயரம் ஏறுகிறது. நடுக்கடலில் ஒன்றரை மீட்டர், படகுக்காரருக்குத் தெரியவே தெரியாத மெதுவான தாலாட்டு, கரையில் சுவராக நிற்கும். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்ற நிலை வரும்போது முகடு காலை முந்திக்கொண்டு கவிழ்கிறது. அதைத்தான் அலை உடைகிறது என்கிறோம்.

உடைந்த அலையின் உந்துதல் தண்ணீரைக் கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. போன தண்ணீர் முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். இதனால் அலை உடையும் பகுதிக்கும் கரைக்கும் நடுவே கடல்மட்டமே கொஞ்சம் உயர்ந்து அப்படியே நிற்கும். கள்ளக்கடலின் சூட்சுமம் இங்கே இருக்கிறது. ஒரு பெரிய அலை வந்து அடித்துவிட்டுப் போவதில்லை, கடல்மட்டமே ஒரு படி உயர்ந்து, அதன் மேல் ஏறி அலைகள் ஊருக்குள் வருகின்றன. இதனால்தான் எச்சரிக்கையில் அலை உயரம் ஒன்று, ஒன்றரை மீட்டர் என்று பார்த்துவிட்டு “இதுக்கா இவ்வளவு பயம்?” என்று கேட்பது தப்பு. உயரத்தோடு, எத்தனை விநாடிக்கு ஒரு அலை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே உயரம் இருந்தாலும், 6 விநாடி அலையைவிட 18 விநாடி அலை மூன்று மடங்கு ஆற்றலைக் கொண்டுவந்து கரையில் கொட்டும்.

(சுனாமி இந்தக் கணக்கில் சேராது. அதைக் கிளப்புவது காற்று இல்லை, கடலடித் தரையின் அசைவு. மேலிருந்து கீழ்வரை மொத்தத் தண்ணீரும் நகர்வதால் அதன் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 3,000 மீட்டர் ஆழமுள்ள வங்கக் கடலில் அது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 2004-இல் சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு. சென்னைக்கு அலை வர இரண்டரை மணி நேரம்தான் ஆனது.)

இனி ஓதம். தமிழகப் பாடப்புத்தகம் ஓதம் என்கிறது, இலங்கையில் வற்றுப்பெருக்கு என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சொல்லிலேயே வேலை தெரிகிறது. நிலவு பூமியை இழுக்கிறது. தன் பக்கம் இருக்கும் தண்ணீரைக் கூடுதலாக, நடுவில் பூமியை ஓரளவு, மறுபக்கத் தண்ணீரைக் குறைவாக. இந்த வித்தியாசத்தால் நிலவுப்பக்கம் ஒரு புடைப்பு, எதிர்ப்பக்கம் பின்தங்கிப்போன தண்ணீரால் இன்னொரு புடைப்பு. பூமி சுழலும்போது நாம் இரண்டையும் கடக்கிறோம், அதனால் பெரும்பாலான கரைகளில் நாளைக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. அதற்குள் நிலவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் ஒரு முழுச் சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம் ஆகும். இன்று காலை 6 மணிக்குப் பெருக்கு என்றால் நாளை 7-ஐ நெருங்கும்.

சூரியனும் இழுக்கிறது. எடை அதிகம் என்றாலும் தூரம் கூட என்பதால் அதன் பங்கு நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கும், பெருக்கு உச்சத்துக்குப் போகும், வற்று அடிக்குப் போகும். அஷ்டமி வாக்கில் ஆளுக்கொரு திசையில் இழுத்து ஒன்றையொன்று மட்டுப்படுத்தும்.

ஆனால் இந்தப் புடைப்புக் கதை பாதி உண்மைதான். கண்டங்கள் குறுக்கே நிற்பதால் புடைப்பு பூமியைச் சுற்றி ஓட முடியாது. ஒவ்வொரு கடலும் ஒரு தொட்டிபோலத் தன் வடிவத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்றபடி அலம்புகிறது. அதே நிலவு, அதே பௌர்ணமி, ஆனால் சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர், குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டருக்கு மேல். அங்கே அலங் என்ற இடத்தில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கு வரும்வரை காத்திருந்து கப்பலை முழு வேகத்தில் கரைமேல் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் கப்பல் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். கிரேன் வேண்டாம், உலர்துறை வேண்டாம். சென்னையில் இப்படி ஒரு தொழிலை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஓதமும் தூரத்து அலையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஈஸ்டர் ஞாயிறு பௌர்ணமி கழிந்து ஆறாம் நாள், ஓதம் சோம்பிக் கிடக்கும் காலம். அப்போதே அந்த நிலை. அதே ஆண்டு மே 6-ஆம் தேதி அமாவாசைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. கள்ளக்கடல் எச்சரிக்கையும் இருந்தது. அன்று காலை கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள்.

குமரிக் கரைக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே மறைக்கப் பெரிய நிலம் எதுவும் இல்லை. கொஞ்சம் வடகிழக்கே போனால் நிலைமை வேறு. பாக் நீரிணை இலங்கையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது, ஆழமும் குறைவு. தென்னலைகள் அங்கே எட்டுவதில்லை. ராமேசுவரத்துக்காரர்கள் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல், பாக் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். வாடைக்காற்று காலத்தில் அந்தப் பெண் கடலும் குணம் மாறும் என்பது வேறு விஷயம்.

கரையில் குவிந்த தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டில் ஒரு பள்ளம் கிடைத்தால் அந்த வழியாகக் குறுகலான வாய்க்கால்போலக் கடலுக்குள் பாயும். ‘சுழல் இழுத்துட்டுப் போயிடுச்சு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அங்கே சுழலும் இல்லை, யாரையும் அது அடிக்கு இழுப்பதும் இல்லை, கடலை நோக்கி நேராகக் கொண்டு போகும், அவ்வளவுதான். வேகமெடுத்தால் விநாடிக்கு இரண்டு மீட்டர்கூடத் தாண்டும், ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து நீந்த முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், பள்ளத்தில் ஆழம் கூட என்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் அமைதியான ஒரு சந்து. நீச்சல் தெரியாதவர் தேடிப்போய் இறங்குவது அந்த இடத்தில்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். வாய்க்கால் குறுகலானது, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம்.

அலை கரைக்குச் சாய்வாக வந்தால் கரையை ஒட்டியே இன்னொரு ஓட்டம் உண்டாகும். இது மணலை எடுத்துக்கொண்டு நடக்கும். சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வருவதால் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரும்பும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். 1870-களில் இங்கே துறைமுகம் கட்டத் தொடங்கிக் கடலுக்குள் சுவரை நீட்டியதும், நடந்துவந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்கே குவிந்தது. இன்று நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் மெரினாவின் அகலமான மணல்வெளி பெருமளவும் அப்படிச் சேர்ந்தது. வடக்கே ராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் மணல் வரத்து நின்றது, அலை மட்டும் நிற்கவில்லை. கரை அரித்தது, கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு அடுத்த இடம் அரித்தது. ‘தூண்டில் வளைவு வேண்டும்’ என்று, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு வேண்டும் என்று, ஒவ்வொரு மீனவ ஊரும் கேட்பது நியாயம்தான். ஆனால் அதுவும் ஒரு சுவர். தனக்குத் தெற்கே மணலைப் பிடித்து, வடக்கே இருக்கும் ஊருக்குப் பட்டினி போடும். இதைப் பேசாமல் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் கல் கொட்டிக்கொண்டு போவதைத் தீர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கரையை விட்டு உள்ளே போனால் உண்மையான நீரோட்டம். சென்னை மீனவர்கள் அதை ‘வெள்ளம்’ என்பார்கள். தெற்கிலிருந்து வந்தால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி. வலையை எங்கே இறக்குவது, எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். கடலியலாளர்கள் வங்கக் கடலின் மேற்கு ஓரத்தில் அளந்து காட்டுவதும் இப்படித் திசை மாறும் ஓர் ஓட்டத்தைத்தான். பிப்ரவரியிலிருந்து மே வரை அது வடக்கே ஓடும், மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே திரும்பி இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகும். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பெரிய ஓட்டங்கள் ஆண்டு முழுக்க ஒரே திசையில் போகும்போது, இந்தியப் பெருங்கடலின் வடபாதி மட்டும் பருவக்காற்றோடு சேர்ந்து பல்டி அடிக்கிறது.

உள்ளூர்க் காற்றை மட்டும் பார்த்து அது திரும்புகிறது என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். பிப்ரவரியில் காற்று இன்னும் வடகிழக்கிலிருந்துதான் வரும், ஓட்டமோ அதை எதிர்த்து வடக்கே கிளம்பிவிடும். வங்கக் கடலின் நடுவிலும் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் வீசும் காற்று, கடலுக்குள் மிக மெதுவான, பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்குகிறது. அவை வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து நம் கரையோரத் தண்ணீரை நகர்த்துகின்றன.

தண்ணீர் காற்றின் திசையிலேயே போவதும் இல்லை. 1890-களில் ஃப்ராம் கப்பலில் வடதுருவப் பனியில் சிக்கி மிதந்த நார்வேக்காரர் நான்சென், பனிப்பாளம் காற்றுக்கு வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். பூமி சுழல்வதால் வரும் விலகல் இது. எக்மன் என்ற ஸ்வீடன்காரர் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: வட அரைக்கோளத்தில் மேல்தண்ணீரின் மொத்த நகர்வு காற்றுக்கு வலப்பக்கம், செங்குத்தாக. தென்மேற்குப் பருவக்காற்று நம் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே வீசும்போது வலப்பக்கம் கடல். மேல்தண்ணீர் கரையை விட்டு விலகும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். வெளியே வெயில் 40 டிகிரியில் கொளுத்தும்போது சென்னைக் கடலில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும் நாட்கள் உண்டே, காரணம் இதுதான். கேரள, குமரிக் கரையில் இந்த ஏற்றம் இன்னும் பலமானது. அடியிலிருந்து உரம் மேலே வருகிறது, அதைத் தின்னும் நுண்ணுயிர் பெருகுகிறது, பின்னாலேயே சாளை மீன் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டம் தெற்கே திரும்பும்போது வேறொன்று வந்து சேரும். மழைக்காலம் முழுக்கக் கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலின் தலைமாட்டில் கொட்டிய நன்னீர், கடல்மேல் ஒரு மெல்லிய அடுக்காகப் பரவிக் கரையை ஒட்டி இறங்கி வருகிறது. வழியில் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணாத் தண்ணீரும் அதில் சேரும். அந்த மாதங்களில் மெரினாவில் அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போகும் தண்ணீரில் கோடையைவிட உப்பு குறைவு.